தாருக்கு அடியில இருந்த கதவு

நீங்க இதக் கேட்டுட்டுச் சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராது, ஏனெண்டா இதே கதைய வேற ஆரும் வந்து என்னட்டச் சொல்லியிருந்தா நான்தான் முதல்ல சிரிச்சிருப்பன். ஜின் எண்டு ஒரு படைப்பு இருக்கிறது குர்ஆன்ல இருக்கு, அத மறுக்க எனக்கு வாய் இல்ல, ஆனா மரத்தில வெள்ளயாக் கண்டன், கடற்கரையில பேர் சொல்லிக் கூப்பிட்டுது எண்டு ஆக்கள் சொல்ற கதை ஒண்டையும் நான் ஒருநாளும் காதில போட்டவனில்ல. சண்டை முடிஞ்ச பிறகு மன்னார்ல எங்கட பழைய காணிய வெட்டித் துப்புரவாக்கப் போன நேரம் பத்தைக்குள்ள மனிச எலும்பையே கண்டவன் நான், அண்டைக்கும் இரவு சோறு திண்டுட்டு நல்லா நித்திர கொண்டவன். அப்பிடிப்பட்ட ஒரு ஆள் சொல்றான் எண்டு நினைச்சுக் கேளுங்க.

நடந்தது கற்பிட்டி டவுண் ரோட்டில. நடந்த நேரம் பட்டப்பகல். அத ஏன் சொல்றன் எண்டா, எல்லாரும் முதல்ல கேக்கிறது இரவோ எண்டுதான்.

எங்கட குடும்பம் தொண்ணூறில மன்னார்ல இருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில வந்து கற்பிட்டியில இறங்கினது. நான் அப்ப உம்மாட இடுப்பில. முகாம், ஓலைக் குடில், பிறகு ஆலங்குடாப் பக்கம் ஒரு துண்டுக் காணி, இப்பிடித்தான் வளந்தம். என்ட ராத்தாவ, மூத்த சகோதரிய, கலியாணம் முடிச்சவர் தாஹிர் மச்சான், அவரும் எங்களப் போல வந்த சனம்தான். அந்த மனிசனப் பத்தி ஒண்டு சொல்லணும். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் குடுக்கிற நேரம் ஆட்டப் பிடிச்சுக்கிட்டு நிப்பார், கத்தி வைக்கிற நேரம் முகத்த அங்கால திருப்பிடுவார். ராத்தா கோவத்தில ஏசினா, எழும்பி முத்தத்துக்குப் போய் வேலியக் கட்டிக்கிட்டு நிப்பார். ஒருக்காலும் ஒருத்தருக்கும் கை நீட்டினத நான் கண்டதில்ல, எனக்கு ரெண்டு வாப்பா எண்டுதான் வளந்தனான்.

கடல் காத்தில கைட் விட வெள்ளைக்காரங்க ஆலங்குடாவுக்கு வரத் தொடங்கின காலம் அது, ஹோட்டல் மேல ஹோட்டல் எழும்புது, அப்பதான் டவுண் ரோட்டையும் அகலமாக்கித் தார்க் காபட் போடுற வேலை வந்திச்சு. ரோட்டோரத்தில தண்ணி ஓடக் கான் வெட்டிக் கொங்கிரீட் குழாய் இறக்கிற வேலையில நானும் மச்சானும் சேந்தம். மண் தோண்டுற பெக்கோ மெஷின் ஓடினது அன்டன் எண்டு ஒருத்தர், சிலாபத்துப் பக்கம், கத்தோலிக்க ஆள், பாதி சிங்களம் பாதி தமிழ் கலந்து பேசுவார், என்ன மல்லி எண்டுதான் கூப்பிடுவார், சிங்களத்தில தம்பி எண்டு அர்த்தம். காலையில சாவி போட முன்னம் சிலுவை போட்டுக்குவார், நாங்க பிஸ்மி சொல்லுவம், பிறகு மூண்டு பேரும் ஒண்டாப் பிளேன்டி குடிப்பம். நல்ல கூட்டாளிமார்தான்.

டவுண்ல மீன் விக்கிற இடம் தாண்டி ரோட்டு கொஞ்சம் வளையிற இடத்தில தோண்டிக்கொண்டிருக்கக்குள்ள பெக்கோட வாளி ‘டங்’ எண்டு எதிலயோ இடிச்சு மெஷினே துள்ளிச்சு. பழைய தாருக்குக் கீழ கிரவல், கிரவலுக்குக் கீழ மணல், மணலுக்குக் கீழ பாத்தா ஒரு சுவர். கடல்ல எடுக்கிற முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின சுவர், ஒரு முழத்துக்கு மேல தடிப்பு. மண்ண இழுத்துப் பாக்கப் பாக்க அது ஒரு அறை மாதிரி வந்திச்சு, கூர இல்ல, சுவரும் இடுப்பளவுதான் மிச்சம், ஆனா நிலத்துக்குச் செங்கட்டி பதிச்சிருந்திச்சு, வாசல் எண்டு சொல்ற மாதிரி ஒரு இடைவெளி, அதுக்குக் கருங்கல்லுப் படி. எத்தின வருசமா லொறியும் பஸ்ஸும் இதுக்கு மேலால போயிருக்கு எண்டு நினைக்க எங்களுக்கே ஆச்சரியமா இருந்திச்சு. செங்கட்டிக்கு மேல ஒரு படை கரி, கையத் தேச்சா கை கறுக்கிற கரி, இவ்வளவு காலமாகியும்.

வேலைய நிப்பாட்டித் தொல்பொருள் ஆக்களுக்குச் சொன்னாங்க. அவங்க வந்து படம் எடுத்து, நூல் பிடிச்சு அளந்து, தூரிகையால கூட்டிப் பாத்தாங்க. அவங்களோட வந்த ஒரு பொம்பிளைப் பிள்ளை வாசல் கல்லுல இருந்த ரெண்டு பள்ளத்த எனக்குக் காட்டிச்சு. “குறுக்குமரம் வச்சுப் பூட்டுற பள்ளம் இது. பொதுவா உள்பக்கம்தான் இருக்கும். இது வெளிப்பக்கம் இருக்கு, கண்டீங்களா?” எண்டு கேட்டிச்சு. பண்டகசாலையா இருக்கலாம், ஒல்லாந்தர் கோட்டை கட்ட முன்னமோ பிறகோ, முழுக்கத் தோண்டினாத்தான் சொல்லலாம் எண்டு சொல்லிட்டு, ஒரு மூலையால மட்டும் குழாய் போகலாம், ஆனா மெஷின் வைக்காம கையாலதான் வெட்டணும் எண்டு எழுதிக் குடுத்திட்டுப் போனாங்க.

இடையில ஒண்டு நடந்திச்சு, அப்ப நாங்க அத ஒரு பொருட்டா எடுக்கல்ல. மீன்காரங்கட இடத்தில ரெண்டு நாய் இருந்திச்சு, எப்பவும் ஒண்டு மேல ஒண்டு தலைய வச்சுப் படுத்துக் கிடக்கிற சோடி. வெயிலுக்கு ஒதுங்க அந்தக் குழிக்குள்ள இறங்கினதுகள். கொஞ்ச நேரத்தால ஒரு கத்தல், ஓடிப் பாத்தா ஒண்டு மத்ததிட குரல்வளையக் கவ்விக்கிட்டு விடுதே இல்ல. கல்லால எறிஞ்சம், தடியால இடிச்சம், அசையல்ல. மத்தது செத்துத் துவண்ட பிறகும் அத இழுத்து இழுத்து அந்த வாசல் படியில அடிச்சிச்சு. பிறகு வாயெல்லாம் இரத்தத்தோட மேல ஏறி வந்து, மீன்காரங்கட மேசைக்குக் கீழ போய்ப் படுத்து நித்திர கொண்டிட்டு. விசர் பிடிச்சிருக்கும் எண்டு சொல்லிக் கதைய முடிச்சம்.

அடுத்த நாள் நானும் மச்சானும் இறங்கினம். அவர் அறைக்கு உள்ளுக்கு நிண்டு இரும்பு அலவாங்கால மூலைச் செங்கட்டியப் பேத்துத் தாறார், நான் வாசல் படியில வெளிப்பக்கமா நிண்டு வாங்கி மேல எறியிறன். அன்டன் மேல மெஷின நிப்பாட்டிட்டு நிழலுக்கு அதுக்குள்ளயே இருந்தார். மத்த ஆக்கள் அங்கால தூரத்தில குழாய் இறக்கிக்கொண்டிருந்தாங்க. நல்ல வெயில், மேல வானம் நீலமா இருக்கு, ஐஸ்கிறீம் வேன் ஒண்டு பாட்டுப் போட்டுக்கிட்டுப் போகுது. “நவ்பரு, பாங்கு சொல்லப் போறாங்க, இதோட விட்டுட்டுத் தொழுதுட்டு வருவம்” எண்டு மச்சான் சொன்னார். அதுதான் அவர்ட வாயால வந்த கடைசி ஒழுங்கான பேச்சு.

முதல்ல புகை மணந்திச்சு. ஆரோ குப்பைய எரிக்கிறாங்க எண்டு நினைச்சன். பிறகு மச்சான் திரும்பினார். கண் என்னத்தான் பாக்குது, ஆனா மனிசனப் பாக்கிற பார்வை இல்ல, மரத்தையோ கல்லையோ பாக்கிற பார்வை. அலவாங்க ரெண்டு கையாலயும் தூக்கினார். நான் பகிடி எண்டு நினைச்சுச் சிரிக்கப் போனன், அடி விழுந்திச்சு.

இடது தோள். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டிச்சு, காஞ்ச விறக முழங்கால்ல வச்சு முறிக்கிற சத்தம். “மச்சான், நான் நவ்பர், மச்சான்!” எண்டு கத்தினன், கத்தினது எனக்கு நல்லா ஞாபகம். ரெண்டாவது அடி விலாவில. மூச்சு நிண்டிட்டு. மூண்டாவது அடிக்கு நான் ஒதுங்கினதில அலவாங்கு கல்லுல பட்டு நெருப்புப் பறந்திச்சு, அவர்ட கையால நழுவிட்டு. அதோட வெறுங்கையால வந்தார். நகத்தால என்ட முகத்தக் கீறினார், சேட்டக் கிழிச்சு நெஞ்சுத் தோலக் கீறினார், கையக் கவ்விக் கடிச்சார், இஞ்ச பாருங்க, இதுதான் அந்தப் பல்லு பட்ட இடம். ஆட்டுக் கழுத்தப் பாக்க ஏலாத மனிசன். என்ட இரத்தம் அவர்ட தாடியால ஒழுகுது.

நான் ரெண்டு உள்ளங்கையையும் அவர்ட நெஞ்சில வச்சுத் தள்ளினன். இதக் கவனமாக் கேளுங்க. அது நெஞ்சு மாதிரி இருக்கல்ல. பலகை மாதிரி இருந்திச்சு, தட்டையா, சுடச்சுட. அதோட, தள்ளுறது ஒரு ஆள்ட பலம் இல்ல. மச்சான் என்னயவிடச் சின்ன உடம்பு. அவருக்குப் பின்னால ஒரு கூட்டமே நிண்டு முட்டுற மாதிரி, அலை மாதிரி வந்து வந்து மோதுது, என்ட குதிக்கால் படியில வழுக்குது. அவர்ட தோளுக்கு மேலால பாத்தன், ஒண்டுமில்ல, வெறும் செங்கட்டியில வெயில் அடிக்குது. ஆனா நிறையப் பேர் ஒண்டா மூச்சு இழுக்கிற சத்தம், ஒரு சாணுக்கு அங்கால. இருமல் சத்தம்.

அந்த நேரம் பாங்கு கேட்டிச்சு. நான் கலிமாவச் சொல்லப் பாத்தன். நாக்குப் பிரளல்ல. வாயிலிருந்து வேற என்னமோ வந்திச்சு, என்ன எண்டு எனக்குத் தெரியாது.

பிறகு தலையில மலை விழுந்த மாதிரி ஒரு பாரம். அன்டன் பெக்கோவ ஸ்டார்ட் பண்ணி, தோண்டிப் போட்டிருந்த மணல ஒரு வாளி அள்ளி எங்க ரெண்டு பேருக்கும் மேலால கொட்டியிருக்கார். மணலுக்குள்ள புதைஞ்ச உடன எல்லாம் நிண்டிட்டு. மூச்சுச் சத்தம் இல்ல, சூடு இல்ல. மச்சான் மணலுக்குள்ளால தலைய எடுத்து, என்ன ஒரு பார்வை பாத்து, “நவ்பரு, என்னடா இரத்தம்? ஆரு அடிச்ச உனக்கு?” எண்டு கேட்டு அழத் தொடங்கிட்டார். நான் மயங்கிட்டன்.

கண் முழிச்சது ஆஸ்பத்திரியில. தோள் எலும்பும் ரெண்டு விலாவும் முறிவு, முகத்தில தையல். மச்சானப் பொலிஸ்ல வச்சிருந்தாங்க. அவர் அங்க சொன்னது ஒண்டே ஒண்டுதான்: “நான்தான் அடிச்சிருப்பன், வேற ஆரும் அங்க இல்ல, ஆனா எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல.” அவர்ட ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிஞ்சு கொப்பளிச்சிருந்திச்சாம். கொதிக்கிற தாரப் பிடிச்சியா எண்டு டொக்டர் கேட்டாராம். அந்தப் பக்கம் அண்டைக்குத் தார் காய்ச்சவே இல்ல.

ராத்தா என்ட கட்டில் பக்கத்துக் கதிரையில இருந்து, அழல்ல, கல்லு மாதிரிக் கதைச்சா. “என்ட தம்பியக் கொல்லப் பாத்தவனோட நான் எப்பிடி ஒரு கூரைக்குக் கீழ படுக்கிற? என்ட பிள்ளைகளுக்கு நாளைக்கு இதச் செய்யமாட்டான் எண்டு ஆரு சொல்ற?”

எனக்கும் அதே பயம்தான். மச்சானப் பிணையில விட்ட அண்டு ராத்தா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு உம்மா வீட்டுக்கு வந்திட்டா. அவர் வந்து கேற்றுக்கு வெளிய நிப்பார், கை ரெண்டிலயும் வெள்ளத் துணி சுத்தியிருக்கும், ஆரும் கூப்பிட மாட்டாங்க, கொஞ்ச நேரம் நிண்டுட்டுப் போவார். நான் ஜன்னலால பாத்துக்கிட்டுப் படுத்திருப்பன். ஒருநாள் சின்னவள் ஓடிப்போய்க் கேற்றத் திறக்கப் பாக்க, ராத்தா அவளத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளுக்கு விட்டுட்டு அறைக் கதவச் சாத்திக்கிட்டு அழுதா.

அன்டன் அண்டைக்கே வேலைய விட்டு ஊருக்குப் போயிருந்தார், காய்ச்சல் எண்டாங்க. தோள் கட்டு அவிழ்த்த பிறகுதான் என்னப் பாக்க வந்தார். மெலிஞ்சுபோய் இருந்தார். பிளேன்டி குடுத்தம், குடிக்கல்ல. வீட்டு ஆக்கள அங்கால போகச் சொல்லிட்டு என்ட முகத்தப் பாக்காமலே கதைச்சார்.

“மல்லி, தாஹிர் உன்ன அடிக்கல்ல.”

நான் கிழிஞ்ச முகத்தத் தடவிக் காட்டினன். “அப்ப இது?”

“அவன் வெளிய வரப் பாத்தவன். நீ விடல்ல.”

எனக்கு விளங்கல்ல. அவர் ஒவ்வொண்டாச் சொன்னார். மேல இருந்து எல்லாத்தையும் கண்டவர் அவர் ஒருத்தர்தான். மச்சான் முதல்ல சும்மா வாசலுக்கு வந்தாராம். நான் ரெண்டு கையையும் ரெண்டு பக்கச் சுவரிலயும் வச்சு மறிச்சனாம். மச்சான் என்னமோ கேட்டாராம், கும்பிட்டாராம், ஒரு முஸ்லிம் மனிசன் எனக்கு முன்னால முழங்கால்ல நிண்டு கும்பிட்டத அன்டன் கண்ணால கண்டாராம். நான் காலத் தூக்கி அவர்ட நெஞ்சில உதைச்சு உள்ளுக்குத் தள்ளினனாம். சிரிச்சனாம். அதுக்குப் பிறகுதான் அவர் அலவாங்க எடுத்தாராம். தோள் முறிஞ்ச பிறகும் அந்த முறிஞ்ச கையாலயே சுவர விடாமப் பிடிச்சுக்கிட்டு நிண்டனாம். “மச்சான், நான் நவ்பர்” எண்டு ஒரு சத்தமும் என்னட்ட இருந்து வரல்லயாம். ரெண்டு பேரும் கத்தினது தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல, அரபு மாதிரியும் இல்ல, தான் பிறந்து கேக்காத ஒரு பாஷை எண்டார்.

“அதோட நீ மேல என்னப் பாத்த” எண்டு சொல்லிட்டு அன்டன் பிளேன்டிக் கோப்பைய அங்கால தள்ளி வச்சார். “எசமான் வேலைக்காரனுக்குச் சொல்ற மாதிரி விரல நீட்டி என்னமோ சொன்ன. எனக்கு அந்தப் பாஷை தெரியாது மல்லி, கன்னி மரியாள் மேல ஆணை. ஆனா நான் இறங்கிப் போய் மெஷினுக்குப் பின்னால இருந்த டீசல் கேன எடுத்து, மூடியத் திறந்து, குழி விளிம்புக்கு வந்திட்டன். மற்றக் கையில லைட்டர். அந்த நேரம்தான் பாங்கு சொன்னது. கையில என்ன இருக்கெண்டு அப்பதான் கண்டன். கேன ரோட்டுக்கு அங்கால வீசிட்டு ஓடிப்போய் மெஷின எடுத்தன்.”

அவர் போன பிறகு நான் அண்டு முழுக்கச் சோறு திங்கல்ல. நம்ப மாட்டன் எண்டுதான் முதல்ல நினைச்சன். ஆனா உள்ளங்கையில அந்தப் பலகைட சூடு இருந்திச்சு, கதவ வெளியால அழுத்திப் பிடிக்கிறவன்ட கைக்குத்தான் அப்பிடி இருக்கும். வெளிப்பக்கப் பள்ளமும் செங்கட்டியில இருந்த கரியும் அப்பதான் எனக்கு விளங்கிச்சு, ஆக்கள உள்ளுக்கு வச்சுப் பூட்டி எரிச்ச அறை அது. துவக்கக் காட்டி ஊர விட்டுத் துரத்தப்பட்ட சனம் நாங்க, உம்மா உடுத்த உடுப்போட வந்தவ. அந்தக் குழிக்குள்ள எனக்கு ஏன் பூட்டினவன்ட பக்கம் கிடைச்சிச்சு எண்டு நடுச்சாமத்தில எத்தின தஹஜ்ஜத் தொழுகையில அழுது கேட்டிருக்கன்.

ராத்தாவுக்கு எல்லாத்தையும் சொன்னன். அவ என்ன ஒரு மாதிரிப் பாத்தா, முழுக்க நம்பினாவோ தெரியாது, ஆனா அண்டு பின்னேரமே பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் புருஷன்ட வீட்டுக்குப் போயிட்டா. நான் பொலிஸுக்குப் போய் எங்களுக்குள்ள ஒரு முறைப்பாடும் இல்ல எண்டு எழுதிக் குடுத்தன். மச்சான்ட கையப் பிடிச்சு மன்னிச்சுக்கோங்க எண்டன். அவர், “நீ என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிற, விசரனா?” எண்டு என்னக் கட்டிப் பிடிச்சார். அவருக்கு இண்டைக்கும் ஒண்டும் ஞாபகமில்ல. குழாய ரோட்டுக்கு மற்றப் பக்கத்தால கொண்டுபோனாங்க, அந்த அறைய மணல் போட்டு மூடிக் காபட் போட்டாச்சு. நீங்களும் அதுக்கு மேலால போயிருப்பீங்க, நல்ல வழுவழுப்பான ரோட்டு.

இதோட முடிஞ்சிருந்தா நானும் மறந்திருப்பன்.

போன மாரிக்கு ராத்தா வீட்டுக்குப் போயிருந்தன். மத்தியானச் சாப்பாடு, பிள்ளைகள் எல்லாம் சுத்தி இருந்து திண்டுகொண்டிருந்தம். கடல் பக்கத்தால காத்தும் மழையும் அடிச்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்திச்சு. ஆரும் செய்யிற வேலைதான், நான் எழும்பிப்போய் முன் கதவச் சாத்திக் கொண்டியப் போட்டன். கொண்டி விழுந்த சத்தத்தோட மச்சான்ட கை சோத்துக் கோப்பையில நிண்டிட்டு. அவர் தலையத் தூக்கல்ல. மெதுவா ஒரு சொல்லு சொன்னார். தமிழ் இல்ல. ராத்தாவுக்கு விளங்கல்ல, “என்ன, மீன் முள்ளா?” எண்டு கேட்டு முதுகத் தட்டினா. மச்சான் உடன நிமிந்து, “ஒண்டுமில்ல, ஆணம் கொஞ்சம் ஊத்து” எண்டு சாதாரணமாத் திங்கத் தொடங்கிட்டார்.

அந்தச் சொல்ல நான் அதுக்கு முன்னம் கேட்டதில்ல, திருப்பிச் சொல்லச் சொன்னா இப்ப எனக்கு வராது. ஆனா அவர் சொன்ன அந்த நொடி எனக்கு அது வடிவா விளங்கிச்சு. “பிள்ளைகளையுமா?” எண்டுதான் அவர் கேட்டார்.

நான் கொண்டியில கை வச்சபடி நிக்கிறன், மழை கதவில அடிக்குது. நான் ஒண்டையும் நினைக்க முன்னம் என்ட தலை ஓம் எண்டு ஆடிச்சு.